இரண்டு பேராகத்தான் போக வேண்டும்

பீங்கானுக்குப் பேர்போன ஊர் இது. ஆனாலும் இங்கே டீயைக் காகிதக் கப்பில்தான் கொடுப்பார்கள். கடையில் மட்டுமில்லை, போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது. எத்தனையோ கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இருக்கட்டும். டீ நன்றாகவே இருக்கிறது, நன்றி.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். செத்துப்போன திருமால் எங்கள் கொட்டகையில் வேலை செய்தவன், நல்ல நடத்தை உள்ளவன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். வெட்டிய குருமூர்த்தி அரிவாளோடு தானே வந்து சரணடைந்துவிட்டான். கேஸ் முடிந்த மாதிரிதான். ஆனால் நான் காலமெல்லாம் டீச்சராக இருந்தவள். பாதிப் பதில் எழுதிய பேப்பருக்கு முழு மார்க் போட்டு எனக்குப் பழக்கமில்லை. உட்காருங்கள் துர்கா மேடம், முழுவதையும் சொல்கிறேன்.

பீங்கான் பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது எங்கள் கொட்டகை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஆரம்பித்த அறக்கட்டளை. ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, பொம்மை வார்க்கக் கற்றுத்தருகிறோம். பலகையில் ‘புதுத்தடம்’ என்று எழுதியிருக்கிறது. ஊர் வைத்த பெயர் ‘கொலகாரங் கொட்டா’. என் முகத்துக்கு நேரே கும்பிடு போடுவார்கள், நான் திரும்பியதும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இவர்களுக்காக வாடகை வீடு கேட்டு நான் ஏறாத வாசல் இல்லை. கல்யாணப் பந்தியில் இவர்களை எழுப்பிவிட்ட பெரிய மனிதர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் இல்லாதவர்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரைத் தாண்டிப் போகிறவன் தனியாகப் போகக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஒருவன் வேப்பூர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய பகையாளிகள் பார்த்துவிட்டு, எச்சில் கையோடு இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவனுக்கு ஒரு கண் போயிற்று. அன்றைக்கே கொட்டகைக் கதவில் சிவப்பு பெயின்டால் நானே எழுதினேன், இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று. டீக்கடைக்குப் போனாலும், டவுனுக்குச் சாமான் வாங்கப் போனாலும் ஜோடி மாறாது. திருமாலுக்கு ஜோடி பாரி. பாரி வாட்டசாட்டமான ஆள், அவன் பக்கத்தில் நின்றால் யாரும் கிட்ட வர மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உதவி செய்கிறவர்கள் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு முன்னால் சூளையில் வேகாத பச்சைப் பொம்மை ஒன்றைக் கீழே போட்டு உடைப்பேன். உடைந்த துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். அந்தக் கூழை அச்சில் ஊற்றி மறுபடி பொம்மை ஆக்குவோம். ‘இவர்களும் இப்படித்தான், நாம் மறுபடி வார்க்கலாம்’ என்பேன். பிறகு எங்கள் ஆட்களில் ஒருவன் எழுந்து நின்று, தான் செய்த குற்றத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் மனம் கழுவப்படும். வந்தவர்களுக்கும் தாங்கள் யாருக்கு உதவுகிறோம் என்று புரியும்.

திருமாலைப் போலச் சொல்கிறவன் இன்னொருவன் கிடைக்க மாட்டான். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தான். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் வரப்புத் தகராறு முற்றி, பக்கத்து நிலத்துச் சக்கரபாணியை மண்வெட்டியால் அடித்துவிட்டான். அடி விழுந்ததும் சக்கரபாணி தண்ணீர் கேட்டாராம். இவன் ஓடிப்போய்க் கையில் ஏந்திக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தண்ணீர் வரும் இடத்தில் திருமால் சொல்வதை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்ப்பான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகவே செய்வான். வந்தவர்கள் அழாமல் போனதே கிடையாது.

அப்படிப்பட்டவன் ஒருநாள் மாட்டேன் என்றான். பக்கத்துக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதும் அன்பரசியோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. நல்ல பெண்தான், நான் குறுக்கே நிற்கவில்லை. இரண்டு பேரும் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, பெண்ணாடத்தில் அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை போடுவதாகப் பேசிவைத்திருந்தார்கள். சொல்ல வந்தபோது திருமால் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். நானும் சரி என்றேன். மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள், கடைசியாக ஒரு தடவை நின்று சொல்லிவிட்டுப் போ என்றேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

“கோர்ட்டுல சொன்னேன் டீச்சரு, செயில்ல சொன்னேன். நீங்க கூட்டியாற ஆளுங்க முன்னால ஒவ்வொரு தரமும் அவர நான் மறுபடி கொல்ல வேண்டியிருக்குது. எத்தினி தரந்தான் கொல்றது? போதும், வுட்டுடுங்க.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கொட்டகையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். நான் பொம்மையை உடைத்தேன், கரைத்தேன், பேசினேன். யாராவது எழுந்து சொல்லுங்கள் என்றபோது ஒருவனும் எழுந்திருக்கவில்லை. என்னிடம் அடங்கி நடந்த பாரிகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த அம்மாள் ஒருத்தி என் தோளைத் தட்டி, “பரவால்ல, வுடுங்க” என்றாள். எனக்கே ஆறுதல் சொல்கிறாள், என் வயசுக்கு. ஊரெல்லாம் காறித் துப்பியபோது இவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டவள் நான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

சக்கரபாணியின் தம்பிதான் குருமூர்த்தி. நான் அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் அறக்கட்டளை விதியிலேயே இருக்கிறது, நாங்கள்தான் இத்தனை நாள் செய்யாமல் இருந்துவிட்டோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள், காய்ந்துபோயிருந்தது.

திருமால் பெயரை எடுத்ததும் அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு.

“அண்ணன் செத்தப்பவே கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டோங்க. நீயே பாத்துக்கோன்னு சாமிகிட்ட வுட்டாச்சு. கொழந்த பொறந்தப்புறம் மனசு கேக்கல. போயி பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துட்டேன். அவன் எங்கியோ பொழச்சிப் போவட்டுங்க.”

கொளஞ்சியப்பரிடம் எழுதிக் கட்டிய பிராதை வாபஸ் வாங்கிவிட்டால் அந்த வழக்கு தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. உண்மையைச் சொல்கிறேன், திருமால்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் எனக்கு இவன்மேல் வந்தது. கொன்றவன் எனக்குப் போதும் என்கிறான். அண்ணனைப் பறிகொடுத்தவன் எங்கியோ பிழைத்துப் போகட்டும் என்கிறான். இவர்களாகவே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால் பிறகு நான் எதற்கு?

நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. திருமாலுக்குக் கல்யாணம் என்றேன், உண்மை. பட்டறை வைக்கப் போகிறான் என்றேன், அதுவும் உண்மை. உன் அண்ணன் தண்ணீர் கேட்ட கதையைச் சொல்லச் சொன்னால் அலுத்துக்கொள்கிறான் என்றேன். கேஸ் நடந்தபோது கோர்ட்டுப் பக்கமே போகாத குருமூர்த்திக்கு அண்ணன் தண்ணீர் கேட்டது அதுவரை தெரியாது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். புறப்படும்போது வாசலில் நின்று இன்னும் ஒன்று சொன்னேன்.

“நீ பிராது கட்டுனியே தம்பி, அதே சன்னதியிலதான் அவன் தாலி கட்டப் போறான்.”

அடுத்த வாரமும் போனேன். அவன் மனைவி இந்தத் தடவை காப்பி கொண்டுவரவில்லை, கதவருகிலேயே நின்று, “எதுக்கும்மா இங்க வர்றீங்க, அவரு தூங்கறதே இல்ல” என்றாள். அவன் அவளை உள்ளே போகச் சொன்னான். பிறகு மெதுவாக, “அவன் இந்தப் பக்கம் வருவானா?” என்று கேட்டான். வெள்ளிக்கிழமை ஒரு கொலு செட்டு கொண்டுவருவான், கம்மாபுரத்தில் பஸ் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வருவான் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டினோம். கம்மாபுரம் பக்கம் என்றதும் திருமால் தயங்கினான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவனை அந்தத் திசைக்கு நான் அனுப்பியதே இல்லை. பாரி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். நான் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன், சூளையில் பொம்மை அடுக்கும் வேலை இருக்கிறது என்றேன்.

“பாரி வரலியா டீச்சரு?” என்றான் திருமால்.

“நீ வெளிய போற ஆளு. குடும்பம் நடத்தப் போறவன். ஒனக்கு எதுக்குடா இனிமே ஜோடி?”

அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தன்னை நான் நம்பிவிட்டேன், விடுதலை பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். விருந்தாளிகள் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “போயிட்டு வரேன் டீச்சரு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். கதவில் சிவப்பு பெயின்டில் நான் எழுதியது அப்படியே இருந்தது. நான் உள்ளே வந்து சூளை வேலையைப் பார்த்தேன்.

ஏரிக்கரையில் வெட்டுப்பட்டவனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தீர்களே என்றார்கள். அன்பரசி மட்டும் அழாமல் நேராக என்னிடம் வந்தாள். விரலில் கண் எழுதிய கறுப்பு அப்பியிருந்தது. “ஏன் டீச்சரு அவர ஒண்டியா அனுப்பிச்சீங்க?” என்று கேட்டாள். பதில் கேட்டு என் முந்தானையைப் பிடித்தவள் விடவில்லை, இரண்டு பேர் வந்து அவள் விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் சரியான கேள்வி கேட்டாள். சரியான கேள்விக்குப் பதில் தராமல் போவது என் குணமில்லை. அதனால்தான் உங்களிடம் உட்கார்ந்து இவ்வளவும் சொல்கிறேன்.

இப்படி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கிராமத்தில் யாரும் கொலு பொம்மை கேட்கவில்லை. அப்படி ஒரு ஆர்டரே இல்லை. பெட்டியில் இருந்தவை எல்லாம் விரிசல் விட்டுக் கழித்துப்போட்டவை. நல்ல பொம்மைகளை ஏன் வீணாக்க வேண்டும் என்று நானே பொறுக்கி வைத்தேன். குருமூர்த்தி காத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். திருமாலைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் படித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். குருமூர்த்தியைக் கடலூருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்க்கலாமா? அந்தப் பெண்டாட்டியையும் குழந்தையையும் இனி ஊரில் யார் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அவன் வெளியே வந்தால் அவனுக்குத்தான் யார் வீடு கொடுப்பார்கள், யார் வேலை கொடுப்பார்கள்? இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியும். திருமாலின் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று பாரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். குருமூர்த்தி வரட்டும். மனசில் எதையும் ஒளிக்கத் தெரியாத பையன், எழுந்து நின்று நடந்ததை நடந்தபடியே சொல்வான். வருகிறவர்கள் நிச்சயம் அழுவார்கள்.