துரையின் காரிலிருந்து கழற்றியது

"மேல ஓடு! சாமான எடுக்காத, ஓடு!"

கத்துவது எங்கள் கங்காணி மாமா. ஓடுகிறோம். பின்னால் மலை இறங்குகிறது. முதலில் துணி கிழிவது போல ஒரு சத்தம். பிறகு கூரைத் தகரங்கள். பிறகு மழை மட்டும். கரண்ட் போய்விட்டது. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் கீழ் லைன் வீடுகளைக் காணோம்.

மண்ணுக்குள்ளிருந்து என் தம்பி முருகன் கூப்பிடுகிறான்.

"அக்கா, கால் மாட்டிக்கிச்சு."

கால்மேல் உத்திரம் கிடக்கிறது. மண்வெட்டியால் ஆகிற காரியமில்லை. மண்ணை அள்ளும் இயந்திரம் வேண்டும். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோலா தெர்லா டவுனில் இருக்கிறது. போனில் லைன் இல்லை. பாலமும் போய்விட்டது.

நான் வசந்தா. தேயிலை பேக்டரியில் வயர்மேன். போன் இல்லாமலே தூரத்து ஊர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருப்பவள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தவர்கள் நிறைய. ரேடியோ செட் பேக்டரி ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. அதன் பேட்டரி வீட்டில் சார்ஜில் கிடந்தது. வீடு மண்ணுக்கடியில்.

எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவுக்கு ஓடினேன். துரை காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் இதே மனிதரிடம்தான் மலையில் விழுந்த வெடிப்பைக் காட்டினோம். முதலில் கொழுந்து எடுத்து முடியுங்கள் என்றார்.

"துரை, பேட்டரி வேணும். ஆளுங்க மண்ணுக்குள்ள உயிரோட இருக்காங்க."

"இது கம்பெனி கார் லா. கை வைக்காத. காலைல பாத்துக்கலாம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டார். அந்தக் கண்ணாடி ஏறியதை நான் மன்னிக்கவில்லை. ஸ்டியரிங் முன்னால் இருந்த டிரைவர் செல்வம் சாவிக்குக் கை நீட்டினான். என்ஜினை நிறுத்தினான். பானட்டைத் திறந்துவிட்டான். நான் கழற்றினேன். துரை கத்தினார். கத்தட்டும்.

டார்ச் எல்லாம் தோண்டுகிறவர்களிடம். ஒன்று கொடு என்று கேட்க வாய் வரவில்லை. செட்டை மண் சரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து இருட்டிலேயே செய்கிறேன். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி மரத்தின்மேல் எறிகிறேன். விழுகிறது. மறுபடி எறிகிறேன். கிளையைத் தாண்டிப் போய்த் தொங்குகிறது. ஏரியல் வயரை இழுத்துக் கட்டுகிறேன். நுனியைப் பல்லால் சீவுகிறேன். பேட்டரியின் முனைகளை விரலால் தடவிப் பார்க்கிறேன். தடித்தது பிளஸ். மாற்றிக் கொடுத்தால் செட் கருகிவிடும். முருகனின் குரல் கேட்கிறது. 

செட்டில் வெளிச்சம் வந்தது.

"கெச்சமாசான்! கெச்சமாசான்!"

அவசரம், அவசரம் என்று மலாயில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இரைச்சல். இரைச்சல். பிறகு ஈப்போவிலிருந்து ஒரு பெரியவரின் குரல். இடத்தைக் கேட்டார். தானே போன் போட்டு அதிகாரிகளை ஒவ்வொருவராக எழுப்பினார்.

நடுவில் துரை வந்து நின்றார். தான் நலமாக இருப்பதாக மனைவிக்குச் சொல்லச் சொன்னார்.

"காலைல பாத்துக்கலாம் துரை."

விடிவதற்கு முன் இயந்திரம் பாலமில்லாத ஆற்றில் இறங்கித் தேயிலைச் சரிவில் ஏறி வந்தது. கங்காணி மாமாவின் மகளும் அவள் குழந்தையும் உயிரோடு வந்தார்கள். முருகனின் குரல் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பேட்டரிக்காகப் பங்களாவரை ஓடிய நேரம் மிச்சமாகியிருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன். 

எழுதி வைக்கிறேன். போனவர்கள்: என் தம்பி முருகன். கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்கா. அவர் கணவர் ராமையா. போன வீடுகள் ஆறு. முருகன் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று.

துரையும் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். அவருக்குப் போனது பேட்டரி ஒன்று.

அது என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் நேரில் வரட்டும். முருகன் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும்.