கன்னி ஈக்களும் ஒரு மூக்குக் கண்ணாடியும்

– குணசுந்தரி, லேப்ல ஒரு சின்ன தப்பு நடந்துடுத்து. பதறாம கேளுங்கோ.

– நாராயண் சார், நீங்க சின்னதுன்னு சொன்னாலே ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணணும். இன்னா பண்ணீங்க?

– கன்னி ஈ இருந்த பாட்டில்ல ஆண் ஈயையும் சேர்த்துக் கொட்டிட்டேன்.

– எந்த பாட்டிலு?

– ரொம்ப நாள் உயிரோட இருக்குமே, அந்த வம்சம்.

– அய்ய. வாழப்பழம் கரைச்சி ஊத்தி, கூட்ட விட்டு வெளிய வந்த உடனே ஆணு பொண்ணு பிரிச்சி, மூணு வருசமா காவல் காத்துக்கினு கீறேன். ஒரே நிமிசத்துல கல்யாணம் பண்ணி வெச்சிட்டீங்களே சார்.

– அதுவும் பத்திரிகை அடிக்காம.

– சிரிப்பு வரல. ஆணோட சேர்ந்த பொண்ணு ஈ சீக்கிரம் போய்ச் சேர்ந்துடும்னு கருத்தரங்குல படம் போட்டுக் காட்டுனது யாரு?

– அந்தப் படத்தை எங்கம்மாவும் பார்த்தா. ‘நாப்பத்தேழு வயசு வரைக்கும் கல்யாணம் பண்ணிக்காம இருந்துட்டு, பழிய ஈ மேல போடறியே’ன்னா.

– பேச்ச மாத்தாதீங்க. அம்மாம் பெருசா லேபிள் ஒட்டியிருந்தேனே?

– கலங்கலா தெரிஞ்சுது.

– கண்ணாடி எங்க?

– பாக்கெட்ல.

– பாக்கெட்டுக்கா கண்ணு தெரியல?

– போன வாரம் புதுவாயல் டீக்கடையில டீ குடிக்கறச்சே ஆவி படிஞ்சுதுன்னு கழட்டினேன். கண்ணாடி இல்லாம பத்து வயசு கம்மியா தெரியறேன்னு நீங்கதான் சொன்னேள்.

– அதுக்கு?

– அதுலேர்ந்து போட்டுக்கலை.

– முதுமைய ஜெயிக்கறேன்னு இத்தினி வருசமா தேடி, கண்டுபுடிச்ச மருந்து இதானா?

– பக்க விளைவு இருக்காதுன்னு நெனைச்சேன். நேத்திக்கு திருவள்ளூர் பஸ்ஸுன்னு வேற ஏதோ பஸ்ல ஏறி, சோழவரம் ஏரிக்கரையில நின்னேன்.

– நல்ல வேள, ஏரிக்குள்ள எறங்கல.

– அதே டீக்கடையில நான் ஒண்ணு கேட்டேன். அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.

– கல்கத்தா ரோட்டு லாரி சத்தம் வேற.

– என்னைக் கல்யாணம் பண்ணிப்பேளான்னு கேட்டேன். டீ மாஸ்டர் காதுல விழுந்து, எனக்கு இன்னொரு டீ சும்மாவே குடுத்தார்.

– கேட்டுச்சி சார்.

– உங்க நைனா ஒத்துக்க மாட்டாரா?

– அவரு திருவாலங்காட்டுல அறுப்புல கீறாரு. பெருமாள் கோயில் ஊட்டுப் புள்ள கறி துன்ன மாட்டாரே, மாப்பிள்ளைய இன்னா போட்டு கவனிக்கறதுன்னு ஒரே கவல அவருக்கு.

– அவர்ட்ட சொல்லிட்டேளா?

– சொன்னேன். பேஜாரு அது இல்ல. எங்க ஊட்டுக்காரரு முப்பத்தொம்பது வயசுல நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாரு, எழுந்துக்கல. உங்க அப்பா, தாத்தா ரெண்டு பேருமே அறுபதப் பாக்கல. அந்த பயத்துலதான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன்னு நீங்களே சொன்னீங்க. இன்னொருவாட்டி தனியா நிக்க என்னால முடியுமான்னு யோசிக்கினு கீறேன்.

– என் மரபணுவையும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வந்துடுத்து.

– இன்னா சொல்லுது?

– நூறு வயசு தாண்டினவாள்ட்ட நாம தேடறோமே, அந்த ஆயுசு மரபணு ஒண்ணுகூட என்கிட்ட இல்லை.

– இத சொல்லாமயே இருந்திருக்கலாமே சார்.

– இருந்திருக்கலாம். மனசு கேக்கலை. நீண்ட ஆயுசுக்கு உத்தரவாதம் தர என்கிட்ட ஒண்ணும் இல்லை. கார்த்தால நடக்கறேன். நெய்யை விட்டுட்டேன். புளியோதரையைத்தான் விட முடியலை.

– அந்த பாட்டிலக் கொட்டிடாதீங்க. ஜோடி சேர்ந்தது எம்மா நாளு தாங்குதுன்னு பாக்கலாம். கன்னி ஈ இன்னொரு பாட்டில் பத்திரமா எடுத்து வெச்சிக்கீறேன்.

– ஈக்கு வழி சொல்லிட்டேள். எனக்கு ஒரே ஒரு தடவை நேரா பதில் சொல்லுங்கோ.

– மொதல்ல கண்ணாடியப் போடுங்க.

– போட்டுண்டேன்.

– என்னப் பாருங்க. இன்னா தெரியுது?

– காதோரம் நரை. இது எப்போலேர்ந்து?

– ரெண்டு வருசமா கீது. பாட்டிலத்தான் பார்த்தீங்க, என்னப் பார்க்கல.

– அழகா இருக்கு.

– பத்து வயசு கம்மின்னு அன்னிக்கு சும்மா சொன்னேன் சார். கண்ணாடி இல்லாட்டி நீங்க முழிக்கிற முழி சகிக்கல. கண்ணாடியோட, எத்தினி வருசம் கீதோ அத்தினி வருசம், உங்களக் கட்டிக்கிறேன்.