கடல் பக்கத்துக் கோடு

— மவுஸ்லேர்ந்து கையை எடுங்க, மானோங் கிறிஸ்புலோ. மானோங்னா அண்ணன்தான், அதுக்காக மவுஸைத் தர முடியாது. புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

— நான் எங்கே தொட்டேன், நெனிட்டா? சும்மா கேக்குறேன், திரை அசையாம நிக்குதே, செத்துக்கித்துப் போச்சா?

— யோசிக்குது. கடற்கரைக் குடியிருப்போட வரைபடம் மொத்தமும் அதுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு கோட்டோட நுனியும் பக்கத்து நுனியைத் தேடிப் பிடிக்கணும்.

— நானா இருந்தா இந்நேரம் நாலஞ்சு மனையைக் கையாலயே இழுத்து மூடியிருப்பேன்.

— மழைக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து இழுத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. பாதிகூட ஆகல. நாளைக்கு இந்த நிலமெல்லாம் யாருக்குன்னு விசாரணை.

— எனக்கு ஒண்ணுதான் புரியல. ஒவ்வொரு வீட்டைச் சுத்தியும் எல்லைக்கோடு இருக்கு. கண்ணுக்கு நல்லாத் தெரியுது. அப்புறம் ஏன் திருப்பி அனுப்புறான் மாகாண ஆபீஸ்ல?

— உங்க கண்ணுக்குத் தெரியுது. அவங்க கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. நுனியும் நுனியும் மயிரிழை விலகியிருந்தாலும் அதுக்கு அது நாலு தனிக் கோடு, அவ்வளவுதான். மனை இல்ல. மனை இல்லன்னா பரப்பு இல்ல. பரப்பு இல்லாததெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு ஒதுங்கிடும்.

— ஒதுங்கினா ஹோட்டல் கம்பெனிக்காரன் குத்தகைக்கு எடுத்துக்குவான். அது தெரியும். எங்க அக்கா வீடும் அதுலதானே இருக்கு.

— இந்தா, முடிஞ்சுது. மூடினதெல்லாம் பச்சை.

— அட, வயல் மாதிரி இருக்கே. இரு, இரு. இது என்ன? எங்க அக்கா சமையலறையும் படகு போற வாய்க்காலும் ஒரே மனையா இருக்கு.

— எங்கே?

— இங்கே பாரு. அக்கா இனிமே அடுப்பங்கரையில உட்கார்ந்தே தூண்டில் போடலாம்.

— சிரிக்காதீங்க. தப்பு என்னோடதுதான். எவ்வளவு இடைவெளி இருந்தா சேர்க்கலாம்னு கேட்டுச்சு, நான் தாராளமாக் கொடுத்துட்டேன். ஒரு ஆள் நுழையுற இடைவெளியைக்கூடச் சேர்த்துடுச்சு.

— சும்மா கேக்குறேன், நான் கையால மூடுற பழைய வேலைக்கே திரும்பிடட்டுமா?

— உட்காருங்க. ஒரு விரற்கடைக்கு மேல விலகியிருந்தா சேர்க்காதேன்னு மாத்திட்டேன். இன்னொண்ணும் எழுதுறேன். கோடு ரெண்டாப் பிரியுற இடத்துல எப்பவும் இடது கைப் பக்கமே திரும்பணும். அப்படியே சுத்திப் போனா கிளம்பின இடத்துக்கு வந்தாகணும். வந்தா அது ஒரு மனை.

— வரலைன்னா?

— சிவப்புல காட்டும். தானா மூடாது. அதை மனுஷங்கதான் பார்த்து முடிவு பண்ணணும்.

— ஓட விடு. நான் பேசல.

— ரொம்ப நேரம் பேசாம இருக்க மாட்டீங்க.

— நெனிட்டா.

— ம்?

— அக்கா வீடு. தனியா நிக்குது. வாய்க்கால் வேற, வீடு வேற. நடுவுல பரப்பு எத்தனை சதுர மீட்டர்னுகூட வந்துடுச்சு.

— அது சரியான்னு பார்க்கத்தான் உங்க வேலை எனக்கு வேணும். நீங்க கையால மூடின மனை எல்லாத்தோட பரப்பையும் இதோட வச்சு ஒப்பிடுறேன். பாருங்க, ஒண்ணுகூட மாறல.

— அப்ப நான் கண்ணு வலிக்க உட்கார்ந்தது வீண் போகலன்னு சொல்லு.

— வீணா? அது இல்லன்னா இதை நம்பி நான் எப்படி நாளைக்குக் கொடுப்பேன்?

— பெண்ணே, உனக்கு முழுப் பன்னியைச் சுட்டு விருந்தே வைக்கலாம். இரு, அக்காவுக்குப் போன் போடுறேன். கருவாட்டைக் காயப் போட்டுட்டு அழுதுக்கிட்டே இருக்கா காலையிலேர்ந்து.

— போன் அப்புறம். ஒண்ணே ஒண்ணு சிவப்பா நிக்குது.

— யாரோடது?

— ஹோட்டல் கம்பெனி தன்னோடதுன்னு காட்டின மனை. மூணு பக்கம்தான் கோடு. கடல் பக்கத்துல கோடே இல்ல. விரற்கடை இடைவெளி இல்ல மானோங், ஒரு பக்கமே இல்ல.

— பேப்பர்லேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தினவன் மறந்திருப்பான்.

— அப்படிச் சொன்னா விடுவாங்களா? நாளைக்கு அவங்க வக்கீல் எழுந்து, உங்க படமே அரைகுறை, இதுல மத்த வீட்டுக் கணக்கை மட்டும் எப்படி நம்புறதுன்னு கேட்டா? எல்லாப் பச்சையும் போச்சு.

— அப்ப நீயே ஒரு கோடு இழுத்து மூடிடு. ரெண்டு தட்டுத் தட்டினா ஆச்சு.

— எந்த இடத்துல இழுப்பேன்? நான் இழுத்தா அது நிலத்தோட கோடு இல்ல, என்னோட கோடு.

— ஐயோ, நம்ம ஆபீசர் மேடம் லுமாயக் வராங்க. காலையில அந்தக் கம்பெனி வக்கீலோட வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க, நான் பார்த்தேன். திரையை அணை.

— அணைக்க மாட்டேன்.

— என்ன ரெண்டு பேரும் நான் வந்ததும் குரலைத் தாழ்த்துறீங்க?

— மேடம், கடற்கரை மனை எல்லாம் மூடியாச்சு. ஒண்ணு தவிர.

— கையாலயா?

— நான் எழுதின புரோகிராம். மானோங் செஞ்சதோட ஒப்பிட்டாச்சு.

— ஆமா மேடம். என் வேலையும் அதுவும் இம்மி பிசகல.

— ம். அந்தச் சிவப்பைக் கிட்டக் கொண்டு வா. வக்கீல் காலையில கேட்டது இதைத்தான். ஒரு கோடு விட்டுப்போயிருக்கு, போட்டுக் கொடுத்துடுங்கன்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லல. சொல்லியும் புண்ணியமில்ல. காலை வரைக்கும் இந்தப் படத்துல எல்லா மனையும்தான் திறந்து கிடந்துச்சு. அதுல இது ஒண்ணு திறந்திருக்குன்னு நான் யார்கிட்ட போய்க் காட்டுவேன்? இப்ப நீ மத்ததையெல்லாம் மூடிட்ட. இது மட்டும் தனியா நிக்குது, குருடனுக்கும் தெரியும்.

— ஆனா மேடம், அளந்தவங்க விட்டுட்டாங்கன்னு அவங்க சொன்னா நாம என்ன பதில் சொல்றது?

— அளந்தது நான்தான் நெனிட்டா. கம்பெனிக்காரங்க தங்களோடதுன்னு காட்டின ரெண்டு பக்கக் கோடும் கடலுக்குள்ள போய்க்கிட்டே இருந்துச்சு, கடல் வத்தின நேரத்துலயே எனக்கு இடுப்பளவு தண்ணி. நான் கோட்டை விட்டுட்டு வரல, அங்கே நிலம் முடிஞ்சுபோச்சு.