ஐஸ் கடல் வரைக்கும்

இல்ல தம்பி, ஒரு ஸ்டெப்னி பத்தாது. ரெண்டு போடுங்க. டாசன் சிட்டி தாண்டிட்டா அப்புறம் வடக்க ஐஸ் கடல் வரைக்கும் சரளை ரோடுதான். அந்தக் கல்லு டயரைக் கத்தி மாதிரி அறுக்கும்னு போய்ட்டு வந்தவங்க சொல்லியிருக்காங்க.

என்னது? அதனாலதான் போகாதீங்கங்கிறீங்களா? நல்லாருக்கே! டயர் கடை வெச்சுக்கிட்டு, வர்றவங்களையெல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போங்கன்னா யாவாரம் எப்படி நடக்கும்?

ஆமா, முதல் தடவைதான். கேரவன் ஓட்டவே இந்த ஏப்ரல்லதான் கத்துக்கிட்டேன். எங்க ஊரு க்ராண்ட் ப்ரெய்ரியில சூப்பர்மார்க்கெட் வாசல்ல சாமான் எடுத்து வெக்கிற ரெண்டு தள்ளுவண்டிய நசுக்கியாச்சு. மூணாவது தடவை ஒண்ணும் ஆகல. பாத்துக்கிட்டிருந்தவங்களுக்குத்தான் ஏமாத்தம்.

அறுபத்தேழு. அதானே கேக்க வந்தீங்க? வயசு ஆச்சுதான், கண்ணும் கையும் நல்லாத்தான் இருக்கு. போன குளிர்காலம் பூரா எட்மண்டன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கார் ஓட்டினது யாரு? நான்தான். மைனஸ் முப்பது. ரோடு கண்ணாடியாட்டம் கெடக்கும். எதிர்ல ஒரு லாரி வந்துச்சுன்னா பனி கெளம்பி முன்னாடி ஒண்ணுமே தெரியாது. பின் சீட்டுல பெர்னடெட் பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே வருவா. நான் பாட்டுக்கு ஓட்டுவேன்.

ஆமா, உள்ள தூங்குறாளே, அவதான். மார்புல கட்டி. ஆபரேஷன் பண்ணி, மருந்து ஏத்தி, இப்ப தேவலாம். முடிகூட சுருள் சுருளா முளைச்சிருக்கு, முன்ன அவளுக்கு அப்படி இல்ல. செப்டம்பர்ல மறுபடி ஸ்கேன். அது வரைக்கும் ரெஸ்ட் எடுங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க. ரெஸ்ட்னா என்ன தம்பி? ஜன்னல் பக்கத்துல உக்காந்து பயப்படுறதுதானே? அதைக் கேரவன்ல உக்காந்து பயந்தா ஆகாதா?

எல்லாம் யோசிச்சாச்சு. இன்னிக்கு ஃபோர்ட் நெல்சன். அப்புறம் லியார்ட்ல வெந்நீர் ஊத்து இருக்கே, அங்க ஒரு நாள் அவ நல்லா ஊறட்டும், மருந்து ஏத்தினதுல மூட்டெல்லாம் வலிக்குதுங்கிறா. அந்தப் பக்கம் காட்டெருமை ரோட்லயே படுத்திருக்குமாம். இருக்கட்டும், எழுந்து போற வரைக்கும் டீ போட்டுக் குடிப்போம். அடுப்பு வண்டியிலயே இருக்கு. ஃப்ரீசர் பூரா உருளைக்கிழங்கை உள்ள வெச்சு, கொழுக்கட்டையாட்டம் பியரோகி செஞ்சு அடுக்கியிருக்கேன்.

ஆம்பளைத் துணையா? ஏன், கரடி வந்தா ஆம்பளையத்தான் முதல்ல திங்குமா?

அவ வீட்டுக்காரரா! நல்லாக் கேட்டீங்க. கட்டின்னு தெரிஞ்ச அதே வாரத்துல தூண்டிலெல்லாம் எடுத்து வண்டியில போட்டுக்கிட்டு, தெக்க கெலோனா பக்கம் போய்ட்டார். நோயாளியப் பாத்தா அவருக்கு மனசு தாங்காதாம். அவ்வளவு இளகின மனசு.

என் வீட்டுக்காரரா? அவர் போய் பதினெட்டு வருஷம் ஆச்சு. ஐயய்ய, மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, சாகல. குத்துக்கல்லாட்டம் இருக்கார். இன்னொருத்தியோட போனார்.

வழியனுப்பவா? யாரும் வரல. எனக்கு ஒரே பொண்ணு, ஷானா. கேரவன் வாங்கினதுலேருந்து என்கூடப் பேசுறதில்ல. கடைசியாப் பேசினப்போ, அவளோட போறதுக்கு உனக்கு மானம் ரோஷம் ஒண்ணும் கிடையாதாம்மான்னு கேட்டா. இருந்துச்சுடி, வருஷக்கணக்கா இருந்துச்சு, ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக் கடிச்சு ரெண்டு கடைவாய்ப் பல்லு போனதுதான் மிச்சம்னேன். ஊர் சிரிக்கும்கிறா. சிரிக்கட்டுமே. சிரிக்கிறது உடம்புக்கு நல்லதுதானே.

என்ன? கூடப் பொறந்தவளோட போறதுல என்ன மானக்கேடுன்னா கேக்குறீங்க? கூடப் பொறந்தவன்னு உங்ககிட்ட யார் சொன்னா? சாடை இருக்கா? நாசமாப் போச்சு போங்க!

அவ எனக்குச் சக்களத்தி, தம்பி.

ஆமா. அவ வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஆளுதான். டெல்மர். என்னை விட்டுட்டு அவகிட்டப் போனவர், அவளையும் விட்டுட்டுப் போய்ட்டார். வாயை மூடுங்க, ஈ போயிடும்.

அவர் போனப்புறம் ஒரு நாள் அவகிட்டேருந்து போன் வந்துச்சு. ஹில்டா, தயவுசெஞ்சு வெச்சுடாதீங்க, எனக்குக் கூப்பிட வேற ஆள் தெரியலைன்னா. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வரணும்னுதான் கெளம்பினேன். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். போனா, கதவு தெறந்து கெடக்கு, அவ குளியலறைத் தரையில உக்காந்திருக்கா, எழுந்திருக்க முடியல. யாரைத் திட்டுறது? தூக்கிப் படுக்க வெச்சேன். சூப் வெச்சுக் குடுத்தேன். உப்பு கம்மின்னா! என்ன திமிர் பாருங்க. மறுநாளும் போனேன்.

அப்புறம் எட்மண்டன் ஆஸ்பத்திரியில ஒரு நாள், மருந்து ஏறிக்கிட்டிருக்கு, நான் பக்கத்துல உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன். அவ சொல்றா, டெல்மர் என்னை வடக்க கூட்டிட்டுப் போறேன்னார், ஐஸ் கடல்ல என் காலை நனைக்க வைக்கிறேன்னார்னு. எனக்குப் பின்னல் ஊசி கை தவறிக் கீழ விழுந்துடுச்சு. கல்யாணமான புதுசுல என்கிட்டயும் அதையேதான் சொன்னார், தம்பி. ஒரு வார்த்தை மாறல. அதுவும் எனக்குச் சொன்ன காலத்துல அந்தக் கடலுக்கு ரோடே கிடையாது! ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். பிடிச்சுக்கிச்சு சிரிப்பு. மருந்துக் குழாய் கழண்டுடப் போகுதுன்னு நர்ஸ் ஓடி வந்துட்டா.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்.

அங்க போய் ஒரு போட்டோ எடுத்து டெல்மருக்கு அனுப்புவோமான்னு நேத்து பெர்னடெட் கேட்டா. எதுக்குடி, நம்ம பயணத்துல அந்தாளு எங்க வந்தான்னுட்டேன்.