வேப்பமரத்து ஸ்பீக்கர்

அட, இருங்க இஸ்ரவேல் அண்ணாச்சி, வந்ததும் வராததுமா மரத்துல ஏறுதியளே! ஸ்பீக்கரெ கழட்டத்தான் உங்களெக் கூப்பிட்டேன், இல்லேங்கலெ. அம்பாசமுத்திரத்துல இருந்து மெனக்கெட்டு வந்திருக்கிய, ஏணியெ அங்கன சாச்சி வச்சிட்டு ஒரு வாய் காப்பி குடிங்க. இன்னைக்கு எங்க வளவுக்கே தீவாளில்லா!

வீட்டுக்காரர் தில்லைநாயகம் பிள்ளை இருந்த வரைக்கும் இந்த வளவுல நாங்க ஏழு வீட்டுக்காரங்களும் குடியிருந்தோமா, ஜெயில்ல கெடந்தோமான்னு கேளுங்க. மாடியில உக்காந்து மைக்கெப் பிடிச்சாவன்னா கீழ ஒரு கரண்டி அசையாது. மூணாவது வீட்டுல நேத்தும் சுண்டவத்தக் கொழம்புதானேம்பாவ. அந்தம்மா பதறிப்போயி அடுப்பெ அணைச்சிருவா. சிரிக்காதிய! கேபிள் இழுக்க வந்த பயலெ, எறங்குலேன்னு ஒரே சத்தம். ஒயரெப் போட்டுட்டு ஓடுனவந்தான்.

தொண்ணூத்திரெண்டு வெள்ளம் ஞாபகம் இருக்கா? ஆத்துத் தண்ணி வளவுக்குள்ள வருது. வீட்டுக்காரர் மைக்குல, நான் சொல்லாம ஒருத்தரும் வெளிய போவப்பிடாதுன்னுட்டாவ. அந்நேரம் பாத்து கரண்டு போயிட்டு. ஸ்பீக்கர் பேசலெ, நாங்களும் அசையலெ. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, இன்னும் ஒண்ணும் சொல்லலையேன்னு இந்த மரத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். தீயணைப்புக்காரங்க வந்து ஏசிக்கிட்டே இழுத்துட்டுப் போனாவ.

அதெல்லாங்கூடப் பொறுத்தேன். என் மவ சித்ரலேகா மொத மொத சைக்கிள் ஏறுனா அண்ணாச்சி, மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. சித்ரா, சைக்கிளெ விட்டு எறங்குன்னு மைக்குல தெருவே கேக்கச் சத்தம் போட்டாவ. பிள்ளெ பதறி விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். அன்னைக்கு நான் அழுத அழுகை! அதான், அந்த மனுசன் போய்ச் சேந்தப்ப எனக்குக் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலெ.

இப்பவா? இப்ப அவளெக் கையில பிடிக்க முடியுமா? சேரன்மகாதேவி வரைக்கும் சைக்கிள்ல போறா. எங்கட்டி போறேன்னா, வாரேம்மாங்கா. யாரோட போறா, என்னன்னு கேட்டா, காதுல வாங்குதாளா? நான் பொழுதன்னைக்கும் வாசல்ல நிக்கேன்.

அதனால... ஏணிமேல ஏறாதிய. ஸ்பீக்கர் அங்கனயே இருக்கட்டும். மாடியில இருக்க மைக்கெ மட்டும் பைய எறக்கி, ஒயரெ என் அடுப்படி ஜன்னல் வழியா விட்டுருங்க. யாராவது கேட்டா ரிப்பேருன்னு சொல்லிருங்க, என்ன?

முடிஞ்சிட்டா? இங்கன தாங்க. அந்தா, தெருமுனையில மணிச் சத்தம் கேக்கு, அவதான். சுவிச்செப் போடுங்க.

ஹலோ... ஹலோ... சித்ரா, சைக்கிளெ விட்டு எறங்கு.