தொங்கவிட்ட கட்டை

வடமதுரையில் பஸ் ஏறிய பெண், எனக்கு முன்சீட்டில் இருந்த அக்காவைப் பார்த்ததும் சத்தமாகவே சொன்னார்: "அக்கா, நீங்க குடுத்த கட்டையத் தொங்க விடத்தான் எங்க வீட்டுக்காரரு வாயத் தொறந்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மீன்தொட்டிக்குள் வைக்கும் கட்டை என்பது பிறகுதான் புரிந்தது.

"தென்னையிலருந்து விழுந்து படுத்தவரு, ரெண்டு மாசமா பேச்சே இல்ல. மீன்தொட்டியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. கட்டைய உள்ள போட்டா மெதக்குது. கல்ல வச்சுக் கட்டப் போனேன். 'ஏய், கண்ணாடி ஒடஞ்சிரும். மேல குறுக்க ஒரு கம்பிய வச்சு, தூண்டில் நரம்புல கட்டித் தொங்க விடு'ன்னாரு."

"அவரேவா சொன்னாரு?"

"அவரேதான். இப்ப வேரு எறங்குன மாதிரி தொங்குதுக்கா. மீனெல்லாம் அதுக்குள்ளதான் சுத்துது."

"ஆத்துல ஒதுங்குன கட்டை. அடுப்புல வைக்கப் போனத, ஒன் மீனுக்கு ஆகுமேன்னு குடுத்தேன் தாயி."

"நீங்க நல்லா இருக்கணும்க்கா. இன்னைக்குக் காலையில, 'தீனி நான் போடுறேன், தூக்கி உக்கார வையி'ன்னாரு."

"உக்காந்தாரா?"

"உக்காந்தாருக்கா. பாதித் தீனி தரையிலதான் விழுந்துச்சு. நான் இன்னும் கூட்டவே இல்ல."