செல்லியம்மாள் கேட்ட சத்தம்

— இன்னொரு தரம் சொல்லு. குனிஞ்சிக்கினு சொல்லாத செல்லி, என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

— கீச்சு கீச்சுன்னு கத்துதுய்யா. பொறில மாட்டிக்கின எலி மாதிரி.

— எங்கேந்து? தண்ணி ஊத்தற டப்பா பக்கமா, இந்த உருண்டைலேந்தா?

— உருண்டைதான். பக்கத்துல வாரு ஒன்னு சுத்துது பாரு, அங்க.

— வாரு இல்ல, பெல்ட்டு. இந்த உருண்டைதான் கம்ப்ரஸர். இது ஓடினாதான் ஏசி. முதலாளிக்கு பின்னால சில்லுன்னு காத்து வரும்.

— அந்தக் காத்துக்கா இவ்ளோ கூச்சல்? கண்ணாடிய எறக்கிவிட்டா சும்மாவே வருமே.

— நாலு மணிக்கு அவருகிட்டயே சொல்லு. இரு, ஏசிய நிறுத்தறேன்... இப்ப கத்துதா?

— இல்ல. இஞ்சின் சத்தம் மட்டும்தான்.

— மறுபடியும் போடறேன். இப்ப?

— கத்துது. ஏன்யா... நெஜமாவே ஒனக்கு கேக்கலயா? இவ்ளோ கிட்ட நிக்கிற.

— இஞ்சின் கேக்குது. நீ பேசறது பாதி கேக்குது, மீதிய ஒன் வாயப் பாத்து தெரிஞ்சிக்கறேன். இந்தக் கீச்சு மட்டும் எங்கியோ போயிடுச்சு.

— கொசு கத்தறது கூட கேக்கலன்ன.

— அது ஒன்னுதான் லாபம்.

— சிரிக்காத. மொதல்ல இதப் பாரு.

— சரி, அந்த சொம்பு தண்ணிய பெல்ட்டு மேல ஊத்து. ஓரமா ஊத்து. முந்தானைய இழுத்து சொருகிக்க, உள்ள இழுத்துடும்.

— ஊத்திட்டேன். நின்னுடுச்சுய்யா... ஐயய்ய, மறுபடியும் கத்துது.

— தண்ணி பட்டா நிக்குது, காஞ்சா கத்துது. அப்ப பெல்ட்டுதான் லூசு. நல்ல வேள, பேரிங் போகல.

— கேக்காமயே கண்டுபுடிச்சிட்டியே.

— நீ கேட்டியே.

— கலியன் ஷெட்டுக்குப் போயிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருப்பான். இந்த வெயில்ல ரோட்டோரம் நிக்க வேணாம். போறவன் வர்றவன்லாம் பாக்கறான், பொம்பள இன்னாடா காரு ரிப்பேரு பண்றான்னு.

— கலியன்கிட்ட போனா தெரிஞ்சு போயிடும். போன வாரமே, இன்னாண்ணா இப்பிடி கத்துது, காதுல பஞ்சு வெச்சிக்கினா ஓட்றீங்கன்னு சிரிச்சான். நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன்.

— முதலாளி இன்னாதான் சொன்னாரு? அத இன்னும் முழுசா சொல்லல நீ.

— ஸ்பேனர எடு. அது இல்ல, அதவிடப் பெருசு.

— பேச்ச மாத்தாத. இந்தா.

— சத்தம் போயிடுச்சு சார்னு அவருகிட்ட ரெண்டு தரம் சொன்னேன். ரெண்டு தரமும் அது கத்திக்கினே இருந்திருக்குது. நேத்து என்னையே உத்துப் பாத்தாரு. பூவராகவா, நாளைக்கு நாலு மணிக்கு கல்கத்தா பார்ட்டிய மெட்ராசுக்கு இட்டுக்கினு போறோம், அப்பவும் இது கத்திச்சுன்னா சாவிய வெச்சிட்டுப் போயிடுன்னாரு.

— சாவின்னா... வேலையா?

— வேலையும்தான். கம்பெனி குடுத்த ஊடும்தான்.

— சந்திரகலாவ இப்பதான் ஆறாவதுல சேத்தோம்.

— அதனாலதான் ஒன்ன இட்டுக்கினு வந்தேன். இந்தக் கம்பிய இப்பிடி நெம்பிப் புடி. கம்ப்ரஸர் பின்னால போவணும், பெல்ட்டு விறைக்கணும். விட்டுடாத.

— விடல. கைதான் எரியுது.

— இன்னும் கொஞ்சம்... முறுக்கிட்டேன். விடு. இப்ப ஓட்டறேன், கேளு.

— எலி செத்துச்சு.

— முழுசா?

— முழுசா. ஆனா இப்ப வேற ஒன்னு கேக்குது. தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டற மாதிரி. கடகடகடன்னு.

— அது எங்க?

— அடில. ஒன் கைக்கு நேரா. இன்னும் கீழ... ஆங், அங்கதான்.

— போல்ட்டு ஒன்னு தளந்து போயி ஆடுது. அடில வெக்கிற ரப்பரும் இல்ல. வண்டியும் பதினாலு வருசப் பழசாச்சு. அறுபத்தொன்னுல அமெரிக்காவுல செஞ்சது, இவரு ஏலத்துல எடுத்தாரு.

— அறுபத்தொன்னா? நம்ம கண்ணாலமும் அந்த வருசம்தான்.

— அதான் ரெண்டும் கத்திக்கினே கீது.

— ஒனக்குத்தான் கேக்கலயே, நிம்மதியா இரேன்.

— அந்தப் பையில சைக்கிள் ட்யூப்பு துண்டு இருக்கும், எடு. மடிச்சு அடில சொருகிட்டா ஆட்டம் நிக்கும்... ரயிலு போவுதா?

— ஆமா. கேட்டுச்சா?

— இல்ல. காலுக்கடில தரை ஆடிச்சு. மணி ரெண்டே முக்கா ஆயிடுச்சு. சீக்கிரம் குடு.

— இந்தா.

— முடிஞ்சிது. இப்ப கேளு.

— கல்லு இல்ல. உள்ளேந்து உர்ருன்னு மெல்லிசா ஒன்னு வருது, அவ்ளோதான்.

— உர்ருன்னா? அரைக்கிற மாதிரியா, சும்மா ஓடற மாதிரியா?

— எனக்கு இன்னா தெரியும்? நீ... யோவ், இன்னாய்யா அது, ஸ்குரு டிரைவரப் போயி கடிக்கிற.

— ஒரு முனைய கம்ப்ரஸர் மேல வெச்சு, இன்னொரு முனைய பல்லுல கடிச்சா எலும்பு வழியா ஏறுது. பேசாத... ஆங். கேக்குது செல்லி. நல்லாதான் ஓடுது. உள்ள ஒரு கோளாறும் இல்ல.

— ஒன் மூஞ்சியப் பாரு. ஆரஞ்சு முட்டாய் வாங்கின கொழந்த மாதிரி.

— ஒரு வருசம் ஆச்சு இந்த சத்தத்தக் கேட்டு.

— என்னையும் அப்பிடியே கடிச்சுக் கேளேன்.

— நீதான் கடிக்கிறவ. இன்னா? ஏன் மூஞ்சி வாடிப்போச்சு?

— ஊசி போட்டப்பறம்தானே இப்பிடி ஆச்சு ஒனக்கு.

— தொண்ணூறு ஊசி. நாப்பதாவது ஊசில காதுல வண்டு பூந்துச்சு. ஒங்கிட்ட சொன்னேன் இல்ல.

— சொன்ன.

— நீதான், அது பலகீனம்யா, முட்ட சாப்ட்டா சரியாப் போயிடும்னே.

— ...ஆமா, சொன்னேன்.

— முட்டயும் சாப்ட்டேன். வண்டுக்கு முட்ட புடிக்கல போல.

— டிபின்னு முதலாளிக்கு இன்னும் தெரியாதில்ல?

— மஞ்ச காமாலன்னு சொல்லித்தானே மூணு மாசம் லீவு வாங்கினேன். டிபின்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பியிருப்பாரு. கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசி போட்ட வண்டில, அவருக்கு முன்னால நான் இருமிக்கினு ஒக்கார முடியுமா? உடு. நெஞ்சு நல்லாயிடுச்சு, ரத்தம் நின்னுடுச்சு. அது போதும். பின்னால ஏறு.

— பின்னாலயா?

— முதலாளி ஒக்கார்ற எடத்துல ஒக்காரு. அவரு காதுக்கு இன்னா கேக்கும்னு பாக்கணும். கண்ணாடிய ஏத்திக்க.

— மெத்த மாதிரி கீது. டிரைவர், வண்டிய எடுப்பா.

— உத்தரவும்மா.

— நல்லாதான்யா கீது. ஊட்டுல புழுங்கி சாவறோம், இவரு ரோட்டுல சில்லுன்னு போறாரு.

— சத்தம் இருக்குதா, அத சொல்லு. உரக்க சொல்லு.

— இல்ல. காத்து வர்றது உஸ்ஸுன்னு கேக்குது, அவ்ளோதான்.

— ஆலங்காட்டு சாமி மேல சத்தியமா?

— சத்தியமா இல்லய்யா. சந்திரகலா மேல கூட சத்தியம் பண்றேன்.

— அப்ப பொழச்சோம். கவரப்பேட்டை வரைக்கும் போயி திரும்பிடலாம். நாளையிலேந்து இன்னா சத்தம் வந்தாலும் மத்தியானம் ஊட்டாண்ட வரேன், நீ வந்து கேட்டு சொல்லிடு. கலியன் எதுக்கு? எம்பொண்டாட்டிதான் எனக்கு மெக்கானிக்.

— யோவ்.

— போன தீவாளிக்கு ஒனக்கு பொடவ எடுக்கல. இந்த வருசம் கட்டாயம்...

— யோவ், ஓரங்கட்டு. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். யோவ்... ஓரங்கட்டுய்யா...

— இன்னா? தோள ஏன் அடிக்கிற? இன்னா... ஐயோ.

— இடது பக்கம் ஒடி, ஒடி... அம்மா. உரசிக்கினு போறான்யா. நிறுத்து. நிறுத்திடு... ஆங். இந்தப் பக்கம் திரும்பு. அடி கிடி பட்டுச்சா?

— இல்ல. எவ்ளோ நேரமா அடிச்சிக்கினு இருந்தான்?

— இப்பதான்.

— பொய் சொல்லாத செல்லி.

— அந்த செங்கல் சூளைலேந்து.

— அது அர மைலு இருக்கும்.

— கண்ணாடில பாக்கலயா நீ?

— சந்தோசத்துல பாக்கல. நாலு மணிக்கு நானே சாவியக் குடுத்துடறேன்.

— ஏன்யா? சத்தம்தான் போயிடுச்சே.

— சத்தம் போனாதான் குடுக்கணும். கத்தற வண்டியக் குடுத்துட்டு வந்தா, வேல தெரியாதவன்னு பேரு வரும். வண்டி நல்லா கீது சார், எனக்குத்தான் காது கேக்கலன்னு சொல்லிட்டு வந்துடறேன். கல்கத்தாக்காரருக்கும் நம்ம சந்திரகலா மாதிரி ஒரு பொண்ணு இருக்கும் இல்ல.

— எங்க போறது நாம?

— கொஞ்ச நாளு திருவாலங்காட்டுல எங்கண்ணன் ஊட்டுல இருப்போம். வயல்ல யாரும் ஆரன் அடிக்க மாட்டான்.

— பதினெட்டு வருசமா வண்டி ஓட்ற வேல. எனக்கு மனசு ஆறலய்யா.

— எனக்கு மட்டும் ஆறுதா? செத்த நேரம் இப்பிடியே ஒக்காந்துட்டு போலாம். எதுவும் கேக்காத.

— கேக்கல. நீ திரும்பி ஒக்காரு... அந்தப் பக்கமே பாத்துக்கினு இரு. ஒனக்கு கேக்காதுன்னுதான் சொல்றேன். ஒன் மூஞ்சியப் பாத்து இத சொல்ல முடியல எனக்கு. ஆஸ்பத்திரில நர்ஸம்மா இருந்தாங்க இல்ல, விக்டோரியாம்மா. மொத நாளே என்னத் தனியா கூப்புட்டு சொன்னாங்க. காதுல எதனா கத்துதுன்னு ஒன் ஊட்டுக்காரரு சொன்னா ஒடனே எங்கிட்ட வந்து சொல்லு, இந்த ஊசிய நிறுத்திட்டு வேற மருந்து குடுப்போம்னாங்க. நீ வண்டு கத்துதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் இருமல்ல ரத்தம் வரல. வேற மருந்து ஒனக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோன்னு பயந்துட்டேன். நான் போயி சொல்லல. நாந்தாய்யா ஒங்காத எடுத்தவ.

— முன்னால கண்ணாடில ஒன் வாயி தெரியுது, செல்லி.

— ஐயோ... பாத்துட்டியா?

— அழுவாத. அந்தம்மா எங்கிட்டயும்தான் கேட்டாங்க. தெனம் ஊசிய எடுத்துக்கினு வந்து, காதுல எதனா கத்துதா பூவராகவன்னு கேப்பாங்க. அம்பது நாளும், இல்லம்மா, நல்லா கேக்குதுன்னே சொல்லிக்கினு இருந்தேன்.